அவனுக்கு ஊசி, இவருக்குக் கத்தி

இரண்டு நோயாளிகள். மருந்து ஒருவருக்குத்தான் காணும். இரண்டு பேருக்கும் பாதி பாதியாகக் கொடுத்துவிட்டால் என்ன? வாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டொக்டர்களான உங்களில் ஒருவருக்காவது என்றைக்கோ ஒரு நாள் இந்த யோசனை வரும். வரும்போது அது பிழையான யோசனை போலவே இராது. நல்ல மனதோடும் நியாயத்தோடும்தான் வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. பூமணியக்காவையும் சுனிலையும் பற்றி நான் எழுத நினைத்ததே அதனால்தான்.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், சத்திரசிகிச்சை வாட்டில் டொக்டர். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியதுதான் நடந்தது. சண்டைக் காலம். மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்தால் ஆட்கள் கடல் கடந்து லோஞ்சில் வருவார்கள். கண்டி வீதியில் கண்ணி வெடித்தால் லொறியில் வருவார்கள். இவர்களுக்கு நடுவே, நாட்டு நிலைமை தங்களுக்குத் தெரியாது என்பது போல, குடலிறக்கத்தோடும் பித்தப்பைக் கல்லோடும் சாதாரண மனிதர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சண்டை நடக்கிறது என்று குடல்வால் வீங்காமல் இருக்குமா? கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர். எங்கள் சிஸ்டர் இதை “மேல்மாடி, கீழ்மாடி” என்பார். “டொக்டர், கீழ்மாடிக்காரருக்கு வாந்தி” என்று அவர் கூப்பிடும்போது, வாந்தியெடுத்தவரே சிரித்துவிடுவார்.

மாரி தொடங்குகிற நேரத்தில் ஒன்றைக் கவனித்தோம். வெடிபட்ட காயம் சீழ் பிடிப்பது புதினமில்லை. மண்ணும் இரும்பும் துணியும் உள்ளே போன காயம் அது. ஆனால் நாங்களே சுத்தமாக வெட்டி, சுத்தமாகத் தைத்த காயங்களும் சிவந்து வீங்கத் தொடங்கின. வீட்டிலிருந்து கொண்டுவந்த நோயில்லை, எங்களிடம் வந்த பிறகு பிடித்த நோய். இதற்கென்றே இருந்த மருந்து குளொக்ஸசிலின். கொடுத்தோம், கேட்கவில்லை. அளவைக் கூட்டினோம், அப்போதும் கேட்கவில்லை. கூட இன்னொன்றைச் சேர்ப்போமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, லாப்பில் வேலை செய்த மூதூர் நண்பர் ஒரு கண்ணாடித் தட்டோடு வந்தார்.

சீழிலிருந்து எடுத்த கிருமியை அந்தத் தட்டில் வளரவிட்டு, மேலே மருந்தில் தோய்த்த சின்னக் கடதாசி வட்டங்களை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் அந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி இல்லாத வெளியொன்று தெரியும்.

“இதைப் பாருங்கோ டொக்டர். உங்கட குளொக்ஸசிலினைச் சுத்திக் குடியேறியிருக்கினம். வேலியடைக்காததுதான் குறை.”

“ஒரு ஆளிட்ட இருந்து வந்ததோ?”

“நீங்கள் அனுப்பின எல்லாச் சீழிலயும் இதுதான்.”

ஸ்டாபிலோகொக்கஸ் என்று நீங்கள் படித்த அதே கிருமிதான். எங்கள் மூக்கிலும் தோலிலும் வாடகை கொடுக்காமல் இருப்பது. வெளியே சாதுவாகத் திரிவது, நாள் முழுக்க மருந்து ஓடுகிற ஆஸ்பத்திரிக்குள் வேறொன்றாக மாறிவிடுகிறது. மருந்துக்குச் செத்தது போக, சாகாதது மிஞ்சிப் பெருகுகிறது. அதற்குக் காலில்லை. கட்டிலுக்குக் கட்டில் அதைக் கொண்டுபோனது யார்? கட்டிலுக்குக் கட்டில் போகிறவர்கள் நாங்கள்தானே. தண்ணீர்க் குழாய் பகலில் பாதி நேரம் காய்ந்து கிடந்தது, சனம் நிறைந்து கிடந்தது, ஒருவருக்கு மருந்து கட்டிய கை அப்படியே அடுத்தவரிடம் போனது.

காயம் பழுதான மற்றவர்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். பயமாக இருந்தது இரண்டு பேரை நினைத்துத்தான்.

ஒருவன் சுனில். கந்தளாய்ப் பையன், விமானத்தளம் இருக்கிற சீனன்குடாவில் லொறி ஓட்டியவன். லொறி புரண்டு தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்துப் பூட்டியிருந்தோம். தகடு வைத்த இடம் பழுதாகிக் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. கட்டில் ஆடுமளவுக்கு நடுக்கம், பிறகு நெருப்புக் காய்ச்சல், பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கந்தளாய்ப் பாதை மூடியிருந்ததால் தாய் வர வழியில்லை.

மற்றவர் தவராசா. வெருகல் கரையோரத்து மீனவர். வலை இழுத்து இழுத்துக் குடலிறக்கம் வந்து, ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்குப் போக இருந்தவர். தையல் போட்ட இடம் தேங்காய்ப் பாதி அளவுக்கு வீங்கிப் பளபளத்தது. அவருக்கும் காய்ச்சல்தான். ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்வார். மனைவி பூமணி அவர் காலடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், எழுந்ததை நாங்கள் அபூர்வமாகத்தான் கண்டோம்.

குளொக்ஸசிலினுக்கு அசையாத கிருமிக்கு அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து வன்கோமைசின். மருந்துக் களஞ்சியத்தில் இருந்தது ஒரு சின்னப் பெட்டி. கணக்குப் பார்த்தால் ஒருவருக்கு, அதுவும் கொழும்பிலிருந்து அடுத்தது வந்து சேரும் வரைக்கும்தான். எங்கள் பெரிய டொக்டர், சத்திரசிகிச்சை நிபுணர், வேலையாகக் கொழும்புக்குப் போய்ப் பாதை மூடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் ஒரு தடவை பிடித்தேன். விமானத்தில் மருந்து அனுப்பப் பார்க்கிறேன் என்றார். யாருக்குக் கொடுப்பது என்று கேட்கத் தொடங்கியபோது இரைச்சல் வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் என்னோடு வேலை செய்த டொக்டர் வரதன் அந்த யோசனையைச் சொன்னான். எனக்கு இரண்டு வருடம் இளையவன், நல்ல பிள்ளை.

“அக்கா, பாதி பாதியாக் குடுப்பம். பிறகு ஒருத்தரும் எங்களைக் குறை சொல்லேலாது.”

சிஸ்டரும் அதற்குத் தலையாட்டினார். “வாட்டு முழுக்கக் கண்ணும் காதும் டொக்டர். அவன் சிங்களப் பெடியன், சீனன்குடாவில வேலை. இவர் வெருகல் தமிழ் ஆள். ஒருத்தருக்குக் குடுத்தால் ஊரில என்ன கதை வரும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். அந்தக் காலத்தில் யாருக்கு எந்தக் கட்டில் கிடைத்தது என்பதற்கே கதை வந்தது. எனக்கும் பாதி பாதி என்பதைக் கேட்டபோது மனம் குளிர்ந்துதான் போனது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இரத்தத்தில் கிருமி ஓடுகிறவனுக்குப் பாதி மருந்து கொடுத்தால் பாதி உயிர் பிழைக்குமா? கொஞ்சம் செத்து, பலமானது மிஞ்சும். வன்கோமைசினுக்கும் பழகிய கிருமியை நாங்களே வளர்த்து வாட்டுக்குள் விட்டவர்களாவோம். மற்றப் பாதியைத் தவராசாவுக்குக் கொடுத்து என்ன பயன்? கட்டி நின்ற சீழுக்குள் மருந்து போய்ச் சேராது. அவருக்கு வேண்டியது ஒரு கத்தியும் கொஞ்சம் துணிச்சலும். பாதி பாதி என்பது நோயாளிகளுக்கான மருந்தில்லை, எங்கள் பயத்துக்கான மருந்து.

“முழுசும் சுனிலுக்கு” என்றேன். “தவராசாவின்ர காயத்தைத் திறப்பம். ரெண்டு பேரையும் சாமான் அறையை ஒதுக்கி அங்க மாத்துவம். ரெண்டு பேரிட்டயும் ஒரே கிருமி, மற்றவைக்குத் தொத்தாமல் இருக்கும்.”

வரதன் சாமான் அறையிலிருந்த உடைந்த கட்டில்களைத் தானே தூக்கி வெளியே போட்டான்.

கதை எங்களைவிட வேகமாக நடந்துவிட்டது. நான் மருந்து கட்டும் தட்டோடு திரும்பி வருகிறேன், பூமணியக்கா வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

“நில்லுங்கோ டொக்டர். நல்ல மருந்தொண்டு இருக்காம். உண்மையோ?”

“ஓம் அக்கா.”

“அதை அந்தப் பெடியனுக்குக் குடுக்கிறியளாம்.”

“ஓம்.”

“என்ர மனுசனுக்கு?”

“அவருக்குக் காயத்தைத் திறந்து சீழை எடுக்கப்போறம்.”

“அப்ப அவனுக்கு ஊசி, இவருக்குக் கத்தியோ?” அவர் குரலை உயர்த்தவில்லை. “நீங்களும் தமிழ்ப் பிள்ளைதானே?”

கீழ்மாடிக்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுலபமான பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. “நாளைக்கு வேற மருந்து வரும், அவருக்கும் தருவம்” என்று சொன்னால் அவர் விலகியிருப்பார். ஆனால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு அவர் முன்னால் வருவது?

“அக்கா, இருக்கிற மருந்து ஒரு ஆளுக்குத்தான் காணும்” என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “பாதியாக்கினால் ரெண்டு பேருக்கும் காணாது. அந்தப் பெடியனுக்குக் கிருமி ரத்தத்தில ஓடுது. ரத்தத்தைக் கத்தியால திறந்து எடுக்க ஏலாது. உங்கட மனுசனுக்குக் கிருமி ஒரு இடத்தில சீழாக் கட்டி நிக்குது. எவ்வளவு மருந்து ஏத்தினாலும் அதுக்குள்ள போகாது. திறந்தால்தான் சுகம் வரும்.”

அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். “மாறி இருந்தா? என்ர மனுசனுக்கு ரத்தத்திலயும், அவனுக்குச் சீழும் எண்டா?”

“மாறி இருந்தா இவருக்கு ஊசி, அவனுக்குக் கத்தி.”

பூமணியக்கா, “அப்ப வெட்டேக்க நானும் பக்கத்தில நிப்பன்” என்றார்.

சட்டப்படி ஏலாது. சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் சிஸ்டரைப் பார்த்தேன். “மயங்கி விழுந்தால் நான் தூக்க மாட்டன்” என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் ஒரு கவுனை எடுத்துக் கொடுத்தார். அது பூமணியக்காவின் பருத்த உடம்புக்கு முன்பக்கத்தோடு முடிந்துவிட்டது.

“மீன் வெட்டிப் பழகின கண் இது. எனக்கு மயக்கம் வராது” என்றார் அவர்.

அந்த இடத்தை விறைக்க வைத்துத் தையலைத் திறந்தேன். சீழ் பாய்ந்து வந்தது. வரதன் சன்னலைத் திறக்க ஓடினான், கடற்காற்று புகுந்து பஞ்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. தவராசா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “பூமணி, என்னப்பா நடக்குது?” என்றார்.

“பேசாமக் கிடவுங்கோ. எல்லாம் நல்லாத்தான் நடக்குது.” பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இவ்வளவும் இந்த மனுசனுக்குள்ளயோ இருந்தது? அதுதான் ரெண்டு நாளாக் கதை பேச்சில்லாமல் கிடந்தவர்” என்றார்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கடுத்த நாள் காலையில் காய்ச்சல் திரும்பவும் ஏறியிருந்தது.

பூமணியக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்தார், அவ்வளவுதான். மருந்துப் பெட்டி சிஸ்டரின் அலுமாரியில் இருந்தது. நான் போய் அலுமாரிக்கு முன்னால் நின்றேன். ஒரே ஒரு தடவை, காய்ச்சலை அடக்குவதற்கு மட்டும், என்று மனம் சொன்னது. அதையும் எடுத்தால் சுனிலுக்குக் குறையும். தவராசாவின் காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்பதும் தெரியாமல் போகும். அலுமாரியைத் திறக்காமல் திரும்பி நடந்தேன். பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் நான் நடந்த மிக நீளமான தூரம் அதுதான்.

காய்ச்சல் திரும்பி வந்தால் முதலில் சீழைத் தேடுங்கள். கையுறை போட்டுக் காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஆழத்தில், நான் முதல் நாள் போய்ச் சேராத இடத்தில், இன்னொரு பை இருந்தது. அதற்குள் நைலோன் நூல் முடிச்சு ஒன்று. கிருமிகளுக்கு அதைப் போல வசதியான வீடு கிடையாது. முடிச்சை வெட்டி எடுத்துப் பையைக் கழுவி விட்டோம். அன்று பின்னேரம் தவராசா கண்ணைத் திறந்து, நண்டுக் குழம்பு எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சோற்றைச் சாப்பிடும் ஒருவர் நண்டுக் குழம்பு கேட்டால் அவருக்குச் சுகம் வருகிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

சுனிலுக்கு மருந்தைச் சேலைனோடு மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தோம். முதலில் நடுக்கம் நின்றது. பிறகு இரத்த அழுத்தம் ஏறியது. ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து, தன் அரைகுறைத் தமிழில் பூமணியக்காவிடம், “அக்கா, பிளேன்டீ இருக்கா?” என்று பாலில்லாத தேத்தண்ணி கேட்டான். டொக்டர்கள் நானும் வரதனும் தாதிமாரும் நிற்க, அவன் கேட்டது அவரிடம். நாங்கள் அவர்களை மாற்றியிருந்த சாமான் அறையை நடத்துகிறவர் யார் என்று அவனுக்குச் சரியாக விளங்கியிருந்தது.

உண்மையில் அதை நடத்தியது அவர்தான். கிருமி கையால் போகிறது என்று நான் ஒரு தடவை விளக்கிச் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். வாசலில் குழாய் பூட்டிய வாளியொன்றும் சவர்க்காரமும் வைத்தோம். வாளி வெறுமையாக ஒரு நாளும் அவர் விடவில்லை, பின்பக்கத்துக் கிணற்றிலிருந்து தானே அள்ளி வந்து நிரப்பினார். கதிரையை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். தாதி வந்தாலும், கூட்டுகிறவர் வந்தாலும், வரதன் வந்தாலும் ஒரே கேள்வி: “கை கழுவினீங்களோ?” தவராசாவுக்கு மருந்து கட்டிய கை சுனிலிடம் போவதற்கு முன்னும் அதே கேள்வி. சுனிலைப் பார்க்க வருகிற லொறிக்காரப் பையன்களுக்குத் தமிழ் விளங்காது. அதனால் சுனிலிடமே கேட்டுச் சிங்களத்தில் இரண்டு சொல் படித்துக்கொண்டார். “அத்த ஹோதன்ன!” கையைக் கழுவு. அவர் போட்ட அதட்டலில், கழுவிய பையன்களும் இன்னொரு தடவை கழுவினார்கள்.

சிஸ்டர் மற்ற வாசல்களிலும் வாளி வைத்தார். “இங்க பூமணி இல்லையெண்டு நினைக்காதேங்கோ, நான் இருக்கிறன்” என்று வாட்டு முழுவதும் அறிவித்தார். புதிதாகச் சீழ் பிடிக்கும் காயங்கள் குறைந்தன. கொஞ்ச நாளில் லாப் நண்பர் வந்து, “எனக்கு வேலை தர மாட்டியளோ டொக்டர்?” என்று கேட்டார். அவர் வாயிலிருந்து வந்ததில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

பெரிய டொக்டர் விமானத்தில் வந்து இறங்கினார், மருந்துப் பெட்டி ஒன்றையும் கையோடு கொண்டுவந்தார். பயணப் புழுதியோடு நேரே வாட்டுக்கு வந்து, சுனிலைப் பார்க்க அந்த அறைக்குள் காலை வைத்தார். அவர் முன்னால் நாங்கள் மூச்சு விடுவதுகூட அளந்துதான்.

“கை கழுவினீங்களோ?”

அவர் நின்றார். நாங்களும் நின்றோம். “நான் ஆர் எண்டு தெரியுமோ?” என்று கேட்டார்.

“தெரியாது. கையைக் கழுவிப்போட்டுச் சொல்லுங்கோ.”

சிஸ்டர் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பெரிய டொக்டர் சட்டைக் கையை மடித்து, முழங்கை வரைக்கும் கழுவினார். கழுவி முடித்து இரண்டு கையையும் பூமணியக்காவுக்கு நீட்டிக் காட்டினார். அவர் பார்த்து, “இப்ப போங்கோ” என்றார்.

உள்ளே அவர் இரண்டு பேரின் காயத்தையும் நிதானமாகப் பார்த்தார். தவராசாவுக்கு ஏன் மருந்து கொடுக்கவில்லை என்று கேட்டார். சொன்னேன். பாதி பாதியாகக் கொடுக்க யோசித்ததையும் சொன்னேன். “குடுத்திருந்தால் நான் இப்ப ஒருத்தரைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன்” என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. மறுநாள் சுனிலைத் தியேட்டருக்குக் கொண்டுபோய், பழுதான தகட்டை எடுத்து எலும்பைக் கழுவி, காலை எடை கட்டித் தூக்கிவிட்டார்.

தவராசாவின் காயம் அடியிலிருந்து சிவப்பாக ஆறி வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றோம். மூதூருக்கு லோஞ்ச் ஓடியது, அங்கிருந்து வெருகலுக்குப் போக ஆட்களும் சேர்ந்திருந்தார்கள். பூமணியக்கா மூட்டையைக் கட்டினார், பிறகு அவிழ்த்தார்.

“இந்தப் பெடியனை ஆர் பாக்கிறது?”

“நாங்கள் இருக்கிறம் அக்கா.”

“நீங்கள் இருக்கிறியள்தான்,” என்றார், எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு. “பாதை திறக்குது எண்டு கதைக்கினம். தாய் வரட்டும்.”

தவராசா கட்டிலில் சாய்ந்தபடி, “நண்டு கடலிலதான் இருக்கும், எங்கயும் ஓடாது” என்றார். அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

பாதை திறந்த அன்றே தாய் வந்துவிட்டார். மெலிந்த பெண், கையில் ஒரு பை, அதற்குள் பழங்கள். மகன் இருக்கிறானா இல்லையா என்ற செய்தியே சரியாகக் கிடைக்காமல் இருந்தவர். வாசலில் வந்து மகனைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடினார். பூமணியக்கா குறுக்கே கையை நீட்டினார்.

“அத்த ஹோதன்ன.”

தாய் திகைத்துப்போனார். நெற்றியில் பெரிய பொட்டோடு நின்ற ஒரு தமிழ்ப் பெண் தன் பாஷையில் தன்னை மறிக்கிறாள் என்பது அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. உள்ளே சுனில் சிரிக்கத் தொடங்கினான், சிரித்துக்கொண்டே அழுதான். தாய் கையை நீட்டினார். பூமணியக்கா வாளிக் குழாயைத் திறந்துவிட்டு, சவர்க்காரத்தை எடுத்து, அந்தக் கைகளைத் தானே கழுவினார். விரல் இடுக்கு, நகத்தடி, மணிக்கட்டு. தாய் அழுதபடியே கையை அவரிடம் விட்டுவிட்டு நின்றார். பிறகு பூமணியக்கா கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.

அன்று பின்னேரம் முழுவதும் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு மற்றவரின் பாஷை தெரியாது. ஆனாலும் பேச்சு நின்றதாகத் தெரியவில்லை. சுனில்தான் நடுவிலிருந்து மொழிபெயர்த்துக் களைத்துப்போனான்.

மறுநாள் காலை லோஞ்சில் தவராசாவும் பூமணியக்காவும் போனார்கள். எங்களிடம் பெரிதாக விடைபெறவில்லை. சிஸ்டரிடம் மட்டும், “வாளியைக் காயவிட்டிடாதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் பெரிய டொக்டர் வழமைபோல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் நானும் வரதனும் சிஸ்டரும். சாமான் அறை வாசலில் கதிரை போட்ட இடத்திலேயே இருந்தது. அதில் சுனிலின் தாய் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, மரியாதையாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு, வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டினார். சொல்லைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது போலத் தமிழில் சொன்னார்:

“கை… களுவுங்கோ.”

பெரிய டொக்டர் சட்டைக் கையை மடித்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றோம்.